யோகா ஃபத்வா வந்த சமயம் உங்கள் பக்கம் என்ன நடந்தது?

காப்பார் டீச்சர்

2008 நவம்பர் கதை மலேசியாவில் எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மந்திரம், வழிபாடு கலந்த யோகா முஸ்லிம்களுக்குக் கூடாது என்று தேசிய ஃபத்வா மன்றம் மார்க்கத் தீர்ப்பு (ஃபத்வா) அறிவித்தது 22-ஆம் தேதி, சனிக்கிழமை. அடுத்த வாரம் எங்கள் தாமான் (குடியிருப்பு) பாலாய் ராயாவில், அதாவது பொது மண்டபத்தில், வழக்கம்போல யோகா வகுப்பு. பாதிப் பேர் நம்மவர்கள், சீனப் பெண்கள் சிலர், மலாய்க்காரர் ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற நர்ஸ், இடுப்பு வலிக்காக வந்து சேர்ந்தவர். காக் (மலாயில் அக்கா) என்றுதான் கூப்பிடுவோம். இனி வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "சிக்கு (டீச்சர்), இன்றைக்கு ஓதுகிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை காக், வெறும் பயிற்சிதான் என்றேன். உள்ளே வந்தார். எப்போதும் விரிக்கும் இடத்தை விட்டுவிட்டுக் கதவோரமாகப் பாயைப் போட்டார்.

கடைசியில் சவாசனம் முடிந்து எல்லாரும் எழுந்து உட்கார்ந்ததும், முன்வரிசைப் பாட்டியம்மா ஒருவர் பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு "ஓ...ம்" என்று ஆரம்பித்துவிட்டார். கணீர்க் குரல். பின்னாலேயே இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். காக் என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. பாயைப் பாதி சுருட்டிய கையோடு, இவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தார். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்காக அந்த வயதான மனுஷி வாயிலிருந்து சாமி பெயரைப் பிடுங்க முடியுமா? பேசாமல் இருந்தேன். காக் மீதிப் பாயையும் சுருட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் அவர் வரவே இல்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார், என் பிள்ளைகளை விசாரிப்பார். வகுப்பைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

பினாங்கு பாய்

டீச்சர், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கையைக் காலை நீட்டினாலே ஹராம் (மார்க்கத்தில் விலக்கப்பட்டது) என்று மன்றம் சொன்னதாக நம் ஆட்கள் இன்னமும் பேசுகிறார்கள். உடல் அசைவு, மந்திரமும் வழிபாடும், கடவுளோடு ஒன்றாகும் நோக்கம், இந்த மூன்றும் சேர்ந்து வருவதைத்தான் அவர்கள் தடுத்தார்கள். வெறும் அசைவு தவறாக இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் தவிர்ப்பது நல்லது, ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துப்போகும் என்றார் தலைவர். அந்த "ஆனாலும்" போதாதா, வீட்டுக்கு வீடு சண்டை வர?

எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. பக்கத்துக் கடைவீட்டு மாடியில் ஒரு தமிழ் மாஸ்டரிடம் போய்க்கொண்டிருந்தார். அங்கே முன்னால் பதஞ்சலி சிலை, தலைக்கு மேல் படமெடுத்த பாம்பு, எதிரே விளக்கு. சேர்ந்த நாளிலிருந்தே அம்மா ஒரு தூணுக்குப் பின்னால் பாய் விரித்துக்கொள்வார். அங்கிருந்து பார்த்தால் சிலை தெரியாது. மாஸ்டர் விளக்கை மறைத்ததும் இல்லை, அம்மாவை முன்னால் வாங்க என்று கூப்பிட்டதும் இல்லை. அவர் இடம், அவர் சாமி. அம்மாவின் தொழுகை அம்மாவுக்கு.

ஃபத்வா வந்ததும் எங்கள் பெரியப்பா மகன் வீட்டுக்கு வந்து கத்து கத்தென்று கத்தினார். அம்மா தொழுகைத் துணியை மடித்துக்கொண்டே, "தம்பி, நான் தூணுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அண்ணனுக்குப் பதில் வரவில்லை.

சிரம்பான் சிவா

எல்லாரும் நல்லவர்களாகவே எழுதுகிறீர்கள். நம் வகுப்பில், நம் ஆள் நடத்தும் வகுப்பில், ஓம் சொல்வதற்கு ஒருத்தர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் மரியாதையா? டீச்சர் "வெறும் பயிற்சிதான்" என்று சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. காசு கட்ட வருகிறவர்களிடம் மதம் இல்லை என்போம், வெள்ளைக்காரன் வேறு பெயர் வைத்து விற்றால் எங்கள் சொத்து என்போம். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

ரவாங் வக்கீல்

என் அனுபவம் சின்னது. அப்போது நான் போன ஜிம்மில் யோகா பலகையைக் கழற்றிவிட்டு "ஸ்ட்ரெச்சிங்" என்று மாட்டினார்கள். அதே ஆசிரியர், அதே நேரம், அதே ஆட்கள்.

டீச்சர், நீங்கள் செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். நம் நாட்டில் தேசிய மன்றம் சொல்வது உடனே சட்டமாகிவிடாது. அந்தந்த மாநிலம் அரசிதழில் வெளியிட்டால்தான் அந்த மாநில முஸ்லிம்களைக் கட்டுப்படுத்தும். காப்பார் சிலாங்கூரில் இருக்கிறது. சிலாங்கூர் சுல்தானே, அறிவிக்கும் முன் சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர் மன்றத்திடம் கேட்டிருக்க வேண்டாமா என்று வெளிப்படையாகச் சொன்னார். ஃபத்வா வந்து நான்கு நாள் கழித்து, அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவி, மந்திரம் இல்லாமல் செய்தால் தொடரலாம் என்றார். இதையெல்லாம் மலாயில் ஒரு தாளில் அச்சடித்துக் கதவில் ஒட்டியிருக்கலாம். இரண்டாவது, மந்திரம் வேண்டும் என்பவர்களுக்கு வகுப்பு முடிந்து தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். மூன்றாவது, சேரும்போதே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நான்காவது, பாலாய் ராயா பொது இடம் என்பதால் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் குழு) ஆட்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. ஐந்தாவது, பாட்டியம்மாவைப் பின்வரிசைக்கு மாற்றுங்கள்.

ஈப்போ மேரி

வக்கீல் சார், பாட்டியைப் பின்வரிசைக்குத் தள்ளினால் குரல் குறைந்துவிடுமா?

முஸ்லிம்களை மட்டும் பேசுகிறீர்கள். எங்கள் வேதத்திலும் இந்தத் தகராறு உண்டு. 1989-ல் ரோமிலிருந்து கிறிஸ்தவத் தியானத்தைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட். கிழக்கத்திய முறைகளை அது அடியோடு ஒதுக்கவில்லை. ஆனால் உடம்பில் வரும் இதமான உணர்ச்சியைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது என்று எச்சரித்தது. எங்கள் மாதா கோவில் மண்டபத்தில் பெண்களுக்கு யோகா வைத்தபோது, சாமியார் இந்தக் கடிதத்தைச் சொல்லித்தான், சூரிய நமஸ்காரம் மட்டும் வேண்டாம் என்று சாவியைக் கொடுத்தார்.

சொல்லித்தர வந்தவர் ஓர் இந்துப் பெண், சின்ன வயது. நாங்கள் மூச்சுப்பயிற்சியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது முகத்தில் சில்லென்று ஏதோ பட்டது. மேற்கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், மரியாயின் சேனை என்ற பக்திச் சபையின் தலைவி புனித நீர்ப் புட்டியோடு வரிசை வரிசையாகத் தெளித்துக்கொண்டு போகிறார். அந்தப் பெண்ணின் தலையிலும் ஒரு கை தண்ணீர். எங்களுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, மூச்சை விடுங்க" என்றது. தலைவியும் சொன்னபடி மூச்சை விட்டார்! ஆனாலும் அடுத்த மாதம் சாவி கிடைக்கவில்லை.

மேடான் ரிட்டர்ன்

2009 ஜனவரியில் வேலை விஷயமாக இந்தோனேசியாவில், மேடானில் இருந்தேன். இந்தோனேசிய உலமா மன்றம் பாடாங் பாஞ்சாங்கில் கூடி, மந்திரம், வழிபாடு கலந்த யோகா ஹராம், வெறும் பயிற்சி பரவாயில்லை என்றது. பொது இடத்தில் புகைபிடிப்பது ஹராம் என்று சொன்னதும் அதே கூட்டத்தில்தான். என்னோடு யோகா செய்துகொண்டிருந்த அலுவலக நண்பர் பாயை எனக்கே கொடுத்துவிட்டார். எதற்குடா வம்பு, மாமியார் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்றார். சொல்லும்போது நடுத்தெருவில் நின்று கிரெத்தெக் பற்றவைத்துக்கொண்டிருந்தார், கிராம்பு வாசம் மூக்கைத் துளைத்தது. நான் சிகரெட்டைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "அதுக்கு இன்னும் மனசு வரலை" என்றார்.

காப்பார் டீச்சர்

சிவா தம்பி, நான் எதையும் மறைக்கவில்லை. என் வீட்டுப் பூஜையறையில் செய்வது யோகம். இடுப்பு வலி என்று வருகிறவருக்கு நான் சொல்லித்தருவது முதுகை வளைக்க. ஒன்று இன்னொன்றைக் குறைத்துவிடாது. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மேளத்தைக் கொஞ்சம் தணித்து அடித்தால் நம் சாமி கோபித்துக்கொள்ளுமா? வக்கீல் சார், தாளை ஒட்டியிருந்தால் காக் அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருப்பார். அவர் என்னிடம் கேட்டார், தாளிடம் கேட்கவில்லை.

பாய், அம்மா இப்போதும் போகிறாரா?

பினாங்கு பாய்

மாஸ்டர் காலமாகிவிட்டார் டீச்சர், அந்த மாடியில் இப்போது கைப்பேசிக் கடை. அம்மா வீட்டிலேயே யூடியூப்பில் ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பார்த்துச் செய்கிறார். கடைசியில் அந்தப் பெண் கைகூப்புவதற்குள் ரிமோட்டைத் தேடி அணைத்துவிடுவார். சில நாள் ரிமோட் கிடைக்காது, அப்போது என்னைக் கூப்பிடுவார்.