கதையில் வரும் ‘நான்’ யார்?

தென்றல்22:
முதுகலைத் தமிழ் முதலாண்டு மாணவி. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவல் பற்றிய கட்டுரையில், ‘ஆசிரியர் சிறுவயதில் தாமோதர ஆசானிடம் கதை கேட்டு வளர்ந்தார்’ என்று எழுதினேன். மேடம் சிவப்பு மையில் சுழித்து, ‘ஆசிரியரா, கதைசொல்லியா?’ என்று கேட்டிருக்கிறார். நாவலில் ‘நான்’, ‘நாங்கள்’ என்றுதானே வருகிறது? சுந்தர ராமசாமியும் நாகர்கோவில்காரர்தானே? எங்கே தப்பு என்று புரியவில்லை.

பழைய தமிழாசிரியை:
நாவலைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டுக் குறுந்தொகை 25ஆம் பாட்டை எடும்மா. பாடியவர் கபிலர், பேசுகிறவள் தலைவி. தன்னோடு கூடியவன் சொன்ன சொல் தப்பினால் என்ன செய்வது என்று கலங்குகிறாள். அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை. ஒரு குருகு இருந்தது, அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கால் தினைத்தாள் மாதிரி சிறுத்துப் பசுமையாக இருந்ததுகூட அவளுக்கு நினைவிருக்கிறது! சாட்சி கிடைக்காமல் தவிக்கிற பெண்ணுக்குத்தான் பறவையின் கால் இத்தனை துல்லியமாகத் தெரியும். கபிலர் அவள் கண்ணை வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் பாட்டுக்கு மேலே ‘தலைவி கூற்று’ என்று போட்டிருக்கிறது. ‘கபிலர் காதலனை நினைத்து ஏங்கினார்’ என்று யாராவது எழுதுவார்களா? நாவலில் அந்தக் கூற்றுக்கு உரியவரைத்தான் கதைசொல்லி என்கிறோம். எந்தக் கண் வழியாகக் கதை நமக்குத் தெரிகிறதோ, அது நோக்குநிலை.

வாசகன்_நெல்லை:
டீச்சர் சொன்னது சரி. சுந்தர ராமசாமியின் இன்னொரு நாவலான ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) படித்துப் பாருங்கள். அங்கே கதைசொல்லிக்குப் பெயரே உண்டு, பாலு. அவன் யாரைப் பற்றி எழுதுகிறானோ, அந்த மலையாள எழுத்தாளர் ஜே.ஜே. கற்பனை மனிதர். அவர் இறந்த நாள் 1960 ஜனவரி 5, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள். காம்யுவின் சாவு நிஜம். அந்த ஒரு தேதியில் மயங்கி, முதல் தடவை படிக்கும்போது ஜே.ஜே. வாழ்ந்த ஆள் என்றே நம்பிவிட்டேன்.

தென்றல்22:
அப்போ புளியமரத்தில் ஆசானும் ஒரு கதைசொல்லியா, டீச்சர்?

பழைய தமிழாசிரியை:
ஆமாம்மா, கதைக்குள் இருக்கிற கதைசொல்லி. மரத்தைச் சுற்றிக் குளம் கிடந்த காலம் அவர் வாய் வழியாகத்தான் நமக்கு வருகிறது. அதில் எவ்வளவு கூட்டிச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே படி. ருசியே அங்கேதான் இருக்கிறது.

தென்றல்22:
‘கதைசொல்லி ஆசானிடம் கதை கேட்டு வளர்கிறான்’ என்று மாற்றிவிட்டேன். இன்றைக்கு ராத்திரி ஆசான் பேசும் பகுதிகளை மட்டும் திரும்பப் படிக்கப் போகிறேன்.