மறு: ‘கோடெக்’ – ‘மடிவிரி’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை இன்று காலை உட்கார்ந்து மறுபடி படித்தேன். படத்தையும் ஒலியையும் கணினியில் ஒரு முறைப்படி மாற்றி வைத்து, திரும்பப் பிரித்துக் காட்டும் நிரல்தான் கோடெக். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையைத் தொடங்கியவன் நான். எதனால் தொடங்கினேன் என்பதை முதல் மடலில் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும்.

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வருடா வருடம் தமிழ்நாட்டு மாணவர்கள் வருகிறார்கள். நுண்ணோக்கிப் படங்களை அளக்க எல்லோருக்கும் இமேஜ்ஜே என்ற மென்பொருள், அல்லது அதன் மேல் செருகுநிரல்களை (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களை) சேர்த்துக் கட்டிய ஃபிஜி. இவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு எழுதி வருகிறேன். ஏவிஐ என்ற காணொளிக் கோப்பைத் திறக்கும்போது வரும் ‘அன்சப்போர்ட்டட் கம்ப்ரெஷன்’ (இந்தச் சுருக்கமுறைக்கு ஆதரவில்லை) என்ற பிழைச்செய்திக்கு, “இந்தக் கோப்பின் குறியாக்கம் ஏற்கப்படவில்லை” என்று அதில் எழுதியிருந்தேன். ஜீப்ரா மீன் குஞ்சின் இதயத்துடிப்பைப் படம்பிடித்திருந்த சேலத்து மாணவி ஒருவர் வந்து, “அண்ணா, இதுக்கு பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார். நுண்ணோக்கி அறைக்குப் போய் அரை நாள் கடவுச்சொல் விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்.

அவர் மேல் குற்றமே இல்லை. எழுத்தைக் கணினிக்குள் வைக்கும் முறைக்கும் குறியாக்கம் என்கிறோம், தகவலைப் பூட்டி மறைப்பதற்கும் பல இடங்களில் அதே சொல்லை எழுதுகிறோம். படித்தவர் பூட்டு என்று புரிந்துகொண்டார்.

உள்ளே நடப்பது என்ன? ஏவிஐ, எம்பி4, எம்ஓவி எல்லாம் வெறும் கொள்கலன்கள். உள்ளே படங்களை எந்த முறையில் வைத்திருக்கிறார்கள் என்பது தனி விஷயம். ஏவிஐ கோப்பின் தலைப்பகுதியில் அதற்கென்று நான்கெழுத்துக் குறி ஒன்று உண்டு. இமேஜ்ஜே பிழைச்செய்தியில் 34363248 என்று ஓர் எண் வந்தால், வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 48, 32, 36, 34. பதினறும முறையில் எழுதிய ஆஸ்கி எண்களாக, அதாவது எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண்களாக, வாசித்தால் எச், 2, 6, 4. அதாவது எச்264 என்ற காணொளிச் சுருக்கமுறை. கொள்கலன் திறந்துவிட்டது, குறியையும் வாசித்தாயிற்று, ஆனால் அந்த முறையைப் பிரிக்கத் தெரிந்த ஆள் உள்ளே இல்லை. இமேஜ்ஜேயின் ஏவிஐ வாசிப்பானுக்குச் சுருக்காத படங்களும், மோஷன் ஜேபெக், பிஎன்ஜி போன்ற சில முறைகளும்தான் தெரியும்.

“விஎல்சியில ஓடுதே!” என்பார்கள் உடனே. விஎல்சி என்ற காணொளி பிளேயர் தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடே சுமந்து வருகிறது. ஜாவாவில் எழுதிய இமேஜ்ஜே அவற்றை இரவல் வாங்க முடியாது. பிளேயரை நீக்கி மறுபடி நிறுவினாலும் பயன் கிடையாது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஆப்பிளின் காணொளி மென்பொருளான குவிக்டைமை நம்பிய செருகுநிரலைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. அது பழைய 32 பிட் ஜாவாவையும் நம்பி இருந்தது. விண்டோஸுக்கான குவிக்டைமையே ஆப்பிள் 2016இல் கைவிட்டுவிட்டது. எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மாற்றும் கருவியால் படத்தைச் சுருக்கமில்லாத ஏவிஐயாக மாற்றிக்கொள்வதுதான் எளிய வழி. கோப்பு வீங்கும். 640×480 புள்ளிகள் கொண்ட கருப்பு வெள்ளைப் படம் ஒன்றுக்கு 3,07,200 பைட்டு. நொடிக்கு 30 படம் என்றால் பத்து நொடிக்கே 92 எம்பி. அதற்கு வட்டில் இடம் ஒதுக்கத்தான் வேண்டும்.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

> கோடெக் என்றே விடுவோம். மோடெமுக்கு இணக்கி என்று வைத்தோம், யார் சொல்கிறார்கள்?

யாரும் சொல்வதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோடெமில் விளக்கு எரிந்தால் இணையம் வரும், எரியாவிட்டால் ஆளைக் கூப்பிடுவோம். அதன் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. கோடெக் அப்படியில்லை. அது என்னவென்று புரியாமல் இந்தப் பிழையிலிருந்து ஒரு அடி நகர முடியாது.

> சுருக்குவிரி. பாட்டியின் சுருக்குப்பை மாதிரி இழுத்தால் மூடும், தளர்த்தினால் திறக்கும்.

திருநெல்வேலி நண்பரின் இந்தச் சொல்லில் இரண்டு நாள் மனதைப் பறிகொடுத்திருந்தேன். தொலைபேசித் துறையில் ஓய்வுபெற்ற ஐயா எழுதிய மறுப்பு என்னை நிறுத்தியது. தொலைபேசிக் குரலுக்கான ஜி.711 தரம் 1972ஆம் ஆண்டினது. அதில் ஒலியின் ஏற்ற இறக்கத்தை ஒரு முனையில் சுருக்கி மறுமுனையில் விரிக்கும் உத்திக்குக் கம்பாண்டிங் என்று பெயர். சுருக்குவிரி அதற்கு அளவெடுத்துத் தைத்த சொல், அதற்கே இருக்கட்டும். இன்னொன்று, சுருக்காமல் அப்படியே வைப்பதும் கோடெக் பட்டியலில் ஒரு முறைதான். சுருக்கம் என்பதைப் பெயரிலேயே கட்டிவிட்டால் அங்கே இடிக்கும்.

நான் முன்வைப்பது மடிவிரி. மடித்து வைப்பது, விரித்துக் காட்டுவது, இரண்டும் சேர்ந்த ஒன்று. போக்குவரத்து, வரவுசெலவு என்று எதிரெதிர்ச் செயல்களை ஒட்டிப் பெயராக்குவது நமக்குப் பழக்கம்தான்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அடுத்து வரும் சொற்கள். சிக்பேட்டையில் வாங்கிய பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் பல மாதம் வைத்தால், விரித்த பிறகும் மடித்த இடத்தில் கோடு நிற்கும். எச்264ம் ஜேபெக்கும் அப்படித்தான். ஜேபெக் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அழுத்திச் சுருக்கினால் கட்டங்களின் ஓரம் படத்தில் தெரியும். அந்த ஓரத்தைச் செல்லின் சுவர் என்று நினைத்து அளந்துவிடுகிற ஆபத்து எங்கள் வேலையில் நிஜமானது. அதை மடிப்புத் தடம் என்று சொன்னால் விளக்கமே வேண்டாம். தகவல் இழக்கும் முறை தடம் விடும் மடிப்பு, இழக்காத முறை தடமிலா மடிப்பு. குறியாக்கத்தை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பத்தைக் கட்ட முடியவில்லை, முயன்று பார்த்தேன்.

> மடி என்றால் மடிக்கணினி நினைவுக்கு வருகிறது. இலக்கணப்படி மடிவிரிப்பி என்றல்லவா வர வேண்டும்?

மடிக்கணினியின் மடி வேறு, அங்கே விரி பக்கத்தில் இல்லை. விகுதி பற்றிய கேள்வி நியாயமானது. மடி, விரி இரண்டும் விகுதி சேராமலே செயலின் பெயராகும் முதனிலைத் தொழிற்பெயர்களாக நின்று, வற்றல், பொங்கல் போலத் தொழிலாகுபெயராகிப் பொருளைக் குறிக்கின்றன என்று கொள்கிறேன். செயலி, உலாவி என்று இகரத்தில் முடியும் கருவிப் பெயர்களோடு காதுக்கும் ஒட்டுகிறது. இலக்கணம் நன்கு அறிந்தவர்கள் மறுத்தால் மடிவிரிப்பிக்கு மாறத் தயார்.

கலைச்சொல் பட்டியலில் ஒரு சொல் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதைவிட, பிழைச்செய்தி வாக்கியத்துக்குள் அதை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கையேட்டு வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “இந்தப் படம் எச்264 முறையில் மடிக்கப்பட்டுள்ளது. இதை விரிக்கும் மடிவிரி இந்தச் செயலியில் இல்லை.”

சனிக்கிழமை அதே மாணவியிடம் இதைக் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். அப்புறம், “வேற மாதிரி மடிச்சு வாங்கிக்கலாமா அண்ணா?” என்றார். எஃப்எஃப்எம்பெக் கட்டளையை எழுதிக் கொடுத்தேன்.

ஒலித்துறையில் இருப்பவர்கள், முக்கியமாகத் தொலைபேசி ஐயா, குரலுக்கும் மடிவிரி பொருந்துமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நேரலையில் போகும் குரலை மடிக்கிறோம் என்பது அவர் காதுக்கு எப்படிப் படுகிறது என்று அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை கையேட்டின் அடுத்த வரைவை அச்செடுக்கிறேன், அதற்குள் எழுதினால் நல்லது.

அன்புடன்,
மல்லேசுவரத்திலிருந்து