எல்லாவற்றையும் ‘ஆன்லைனில் மட்டும்’ என்று மாற்றுவது சரியா?

பழைய மோடம் கேட்டது:

அப்பாவுக்கு 72 வயது. ஓய்வூதியம் நிற்காமல் வர வேண்டுமானால், தான் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் கொடுக்க வேண்டும். இத்தனை வருடமும் நேரில் போய், கவுன்ட்டரில் கையெழுத்துப் போட்டு, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். இந்த வருடம் போனால் “இனிமேல் ஆன்லைனில் மட்டும்தான்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று நானும் அவரும் உட்கார்ந்தோம்.

படிவம் மூன்று பக்கம். தன் பெயரைத் தானே அடிக்க வேண்டும் என்றார், நானும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஆள்காட்டி விரலால் அழுத்தி, சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, மெதுவாகத்தான் போனது. இரண்டாம் பக்கத்தில் புகைப்படம் கேட்டது, 50 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். போனில் எடுத்த படம் மூன்று எம்பிக்கு மேல். சுருக்கினால் முகம் தெளிவாக இல்லை என்றது, கொஞ்சம் கூட்டினால் அளவு மீறிவிட்டது என்றது. இதற்குள் பக்கத்தின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் முடிந்து, “நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்” என்று வந்துவிட்டது. நிரப்பியதில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. மறுபடி ஓடிபி. ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் நேரமும் போய்விட்டது. நான்காவது முறை அப்பா எழுந்துவிட்டார். “நேரில் போய் நின்றேனே, நான் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லையா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு ஆன்லைன் மேல் கோபம் இல்லை, என் பிழைப்பே கணினியில்தான். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அரசு சேவை எதுவானாலும் இணையம் இல்லாமலும் பெற ஒரு வழி கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் போட வேண்டுமா? இல்லை, எல்லோருக்கும் இணையத்தை உரிமையாகக் கொடுத்துவிட்டால் இது தானாகத் தீர்ந்துவிடுமா? எங்கள் வீட்டில் இணையம் இருக்கிறது, வேகமும் இருக்கிறது, விவரம் தெரிந்த நானும் பக்கத்தில் இருந்தேன், அப்படியும் முடியவில்லை. அதுதான் மனதை அறுக்கிறது.

---

சிவப்புப் பேனா எழுதியது:

உரிமை என்று எழுதி வைத்த நாடுகள் இருக்கின்றன. 2010 ஜூலை 1 முதல் பின்லாந்தில் நொடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு ஒவ்வொருவருக்கும் சட்டப்படி கிடைக்க வேண்டும் என்று ஆனது. பிரிட்டனில் 2020 மார்ச்சில் அதே மாதிரி 10 மெகாபிட். இரண்டும் நல்ல சட்டங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவை வாசல் வரை கம்பியைக் கொண்டுவரும் சட்டங்கள். வாசலுக்கு உள்ளே யார் இருக்கிறார், அவர் கண் எப்படி, விரல் எப்படி, எந்த மொழியில் படிப்பார் என்பதெல்லாம் அதில் வராது. உங்கள் அப்பாவுக்கு நடந்ததே அதற்குச் சாட்சி.

கம்பியே போகாத இடங்களைச் சொல்லவும் வேண்டாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 260 கோடிப் பேர் இன்னும் இணையத்தைப் பயன்படுத்துவதில்லை. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களெல்லாம் இணையத்துக்கு வந்து சேரும் வரை அரசு சேவை காத்திருக்குமா? காத்திருக்காது. அப்புறம் கவுன்ட்டரை எந்த நியாயத்தில் மூடுகிறார்கள்?

டென்மார்க்கைப் பாருங்கள். அங்கே 2014-லிருந்து 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசுக் கடிதமெல்லாம் டிஜிட்டல் அஞ்சலில்தான் வரும், கட்டாயம். டிஜிட்டலில் அவ்வளவு தூரம் போன நாடு. அங்கேயும் முடியாதவர்கள் விலக்குக் கேட்டு, காகிதத்தில் வாங்கிக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் சட்டம் நடக்காத காரியம் ஒன்றும் இல்லை.

---

கோடு எழுதுபவன் எழுதியது:

இந்த மாதிரிப் படிவங்களை எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அந்தக் கடிகாரத்தை யாரும் கெட்ட எண்ணத்தில் வைப்பதில்லை. பொதுக் கணினியில் ஒருவர் உள்நுழைந்துவிட்டு அப்படியே எழுந்து போனால் அடுத்தவர் கையில் அவர் கணக்கு சிக்கிவிடும், அதற்காகத்தான் நேரக் கட்டுப்பாடு. நோக்கம் சரி. ஆனால் எத்தனை நிமிடம் என்பதை முடிவு செய்வது யார்? பெரும்பாலும் மென்பொருளோடு வரும் எண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். சோதித்துப் பார்ப்பது நாங்கள், அந்தப் படிவத்தை நூறு தடவை நிரப்பியவர்கள், படம் ஏற்கெனவே சுருக்கித் தயாராக இருக்கும், அலுவலக வைஃபையில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதிவிடுவோம். நானே அப்படி எழுதியிருக்கிறேன். அப்போது தவறாகத் தோன்றவில்லை, இப்போது உங்கள் அப்பா எழுந்து போனதைப் படிக்கும்போது உறைக்கிறது.

இணையதளத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி கட்டுவதற்கு உலக அளவில் ஒரு தரநிலை இருக்கிறது, டபிள்யூசிஏஜி என்று பெயர், இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடுவது. அதில் நேர வரம்பு பற்றிய விதி ஆக அடிப்படைப் படிநிலையிலேயே வருகிறது. பயனர் அந்த வரம்பை நிறுத்திக்கொள்ளவோ கூட்டிக்கொள்ளவோ வழி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் முடிவதற்கு முன்னால் எச்சரித்து, குறைந்தது 20 நொடி அவகாசம் கொடுத்து, ஒரு பொத்தானைத் தட்டினால் நீட்டித்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். அதுவும் குறைந்தது பத்து முறை. சில விதிவிலக்குகள் உண்டு, ஏலம் மாதிரி அந்த நேரத்திலேயே நடப்பவற்றுக்கு. ஓய்வூதியப் படிவம் ஏலம் இல்லை. 2008-ல் வந்த பதிப்பிலேயே இந்த விதி இருக்கிறது, 2012-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது, புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மறுபடி உள்நுழைந்தாலும் நிரப்பியது அழியக்கூடாது என்றுகூட அதில் உண்டு. ஆனால் அதை ஆக மேல் படிநிலையில் வைத்துவிட்டார்கள், அதனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். செய்வதும் பெரிய வேலை இல்லை, ஒவ்வொரு பெட்டியை விட்டு நகரும்போதும் சேமித்தால் போதும்.

50 கேபி விஷயம் இன்னும் மோசம். பெரிய படத்தை வாங்கி, சேவையகத்தில் நாமே சுருக்கிக்கொள்ளலாம், சில வரி நிரல்தான். அந்தச் சில வரியை நாங்கள் எழுதாததால் அந்த வேலை அத்தனை பயனர்களின் தலையிலும் விழுகிறது.

ஆகவே என் கருத்து, தவறு ஆன்லைனில் இல்லை, அதைக் கட்டிய விதத்தில் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் கவுன்ட்டர் தேவைப்படுபவர்கள் வெகுவாகக் குறைந்துவிடுவார்கள்.

---

மூன்றாம் படி எழுதியது:

எல்லோரும் கவுன்ட்டரைப் பற்றி ஏக்கமாகப் பேசுவதால் எழுதுகிறேன். நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். நீங்கள் சொல்லும் அந்தக் கவுன்ட்டர் எனக்கு ஒருநாளும் திறந்திருந்ததில்லை. நான் போக வேண்டிய அலுவலகத்துக்கு வாசலில் ஐந்து படி. ஒவ்வொரு முறையும் தெரியாத இரண்டு ஆண்கள் நாற்காலியோடு என்னைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். உள்ளே போனால் கவுன்ட்டர் என் தலைக்கு மேலே இருக்கும், அந்தப் பக்கம் இருப்பவர் என்னிடம் பேசாமல் கூட வந்தவரிடம் பேசுவார். கையெழுத்து என்னுடையது, கேள்வி அவரிடம். ஒருமுறை மதிய இடைவேளை என்று வெளியே வெயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே இருந்தேன், ஏனென்றால் மறுபடி தூக்கச் சொல்லி யாரையும் கேட்க மனம் வரவில்லை.

ஆன்லைன் வந்த பிறகு என் வேலையை நானே இரவு பதினொரு மணிக்கு முடிக்கிறேன். யாருடைய தயவும் வேண்டாம். இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் போய் வருபவர்களுக்கு முழுசாகப் புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ‘பழையபடி கவுன்ட்டர் வேண்டும்’ என்று கேட்கும்போது, அந்தப் பழையபடியில் நான் இல்லை என்பதையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஐநா உடன்படிக்கை 2006-ல் வந்தது, அதன் 9-வது பிரிவு கட்டடத்தையும் இணையத்தையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது, இரண்டுமே எல்லோரும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று. எனக்குப் படியும் உங்கள் அப்பாவுக்கு அந்தக் கடிகாரமும் ஒன்றுதான்.

---

பழைய மோடம் எழுதியது:

இதை நான் யோசித்ததே இல்லை. ‘நேரில் போய் வந்துவிடுவார்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். நன்றிங்க. கேள்வியைத் திருத்திக் கேட்கிறேன்: எந்த ஒரு வழியும் ‘இது மட்டும்தான்’ என்று இருக்கக்கூடாது. அதைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது?

---

இரவு வண்டி எழுதியது:

‘மட்டும்’ என்ற சொல்லைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். இதில் இன்னும் பேசாத ஒன்று உண்டு, ஓடிபி. வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் எல்லோருடைய கணக்கும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுடைய எல்லா விண்ணப்பங்களிலும் அவர் கணவரின் எண்தான். எந்த உதவித்தொகைக்கு எழுதினாலும் முதலில் கணவருக்குத் தெரியும், அவர் எண்ணைச் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அவர்கள் பிரிந்தபோது அந்த எண்ணை மாற்றப் போனார். மாற்றுவதற்கும் ஓடிபி பழைய எண்ணுக்கே போகும் என்று திரை சொன்னது. பல மாதம் அலைந்து, கடைசியில் பொறுமையாகக் கேட்ட ஒரு ஊழியர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். அந்த மனிதர் அந்த நாற்காலியில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

கோடு எழுதுபவரே, ஒழுங்காகக் கட்டினால் போதும் என்கிறீர்கள். ஒழுங்காகக் கட்டியதும் ஒருநாள் நிற்கும். எஸ்டோனியா இதில் எல்லோரும் காட்டும் உதாரணம், சிப் வைத்த அடையாள அட்டையும் பின் எண்ணும் இருந்தால் போதும், ஓடிபி கிடிபி இல்லாமலே அரசு வேலை முக்கால்வாசி நடக்கும். அங்கேயே 2017-ல் சிப்பில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரியவந்து, ஏறத்தாழ 7,60,000 அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், புதுப்பித்தும் கொடுத்தார்கள், அது பாராட்ட வேண்டியதுதான். நான் சொல்வது, அவ்வளவு கவனமான இடத்திலும் நின்றது. நிற்கும் நாளில் மருந்துச் சீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் வேறு வழி தயாராக இருக்க வேண்டும். அந்த வழி அன்றைக்குத் திடீரென்று முளைக்காது, தினமும் யாராவது அதில் நடந்துகொண்டிருந்தால்தான் அது இருக்கும்.

---

கோடு எழுதுபவன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அந்த அக்காவின் கதையை எந்த நிரலும் தீர்க்காது, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் வேண்டும். கவுன்ட்டர் தேவை குறையும் என்று சொன்னேன், அது இருந்தே ஆக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பழைய மோடம், சட்டம் வரும்போது வரட்டும், முதலில் அந்தத் துறைக்கு ஒரு புகார் எழுதுங்கள். ‘தளம் சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் எங்களைப் போன்றவர்கள் ‘எங்களிடம் சரியாக வேலை செய்கிறது’ என்று மூடிவிடுவோம். எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் வெளியே தள்ளியது, படம் எத்தனை கேபியில் நிராகரிக்கப்பட்டது, ஓடிபி எத்தனை மணிக்குக் கேட்டு எத்தனை மணிக்கு வந்தது என்று ஸ்கிரீன்ஷாட்களோடு எழுதுங்கள். டபிள்யூசிஏஜியில் நேர வரம்பு விதியின் எண் 2.2.1, அதையும் குறிப்பிடுங்கள். எண் போட்டு வந்த புகாரை ஒதுக்குவது கஷ்டம். நேரில் போனவரை எந்த உத்தரவின்படி திருப்பி அனுப்பினார்கள் என்றும் கேளுங்கள், சில இடங்களில் அப்படி உத்தரவே இருக்காது.

---

பழைய மோடம் எழுதியது:

நேற்று இரவு மறுபடி நான் தனியாக உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிரப்பினேன். சரியாக 10 நிமிடத்தில் தள்ளிவிடுகிறது, எச்சரிக்கை எதுவும் இல்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா பெயரை அடிக்க மட்டுமே நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அதையும் எழுதப் போகிறேன். படிவத்தை நானே முடித்து அனுப்பிவிட்டேன், ஓய்வூதியம் நிற்காது. ஆனால் புகாரை அப்பாவே கையால் எழுதுகிறேன் என்கிறார், இரண்டு பக்கம் ஆகிவிட்டது, இன்னும் முடிக்கவில்லை.

---

மூன்றாம் படி எழுதியது:

அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர் வழக்கமாகப் போகும் அந்த அலுவலகத்து வாசலில் எத்தனை படி, பக்கத்தில் சாய்தளம் இருக்கிறதா என்று அவருக்கு நினைவிருக்கும். முடிந்தால் அதையும் அந்தக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

---

பழைய மோடம் எழுதியது:

கேட்டேன். ஏழு படி, சாய்தளம் இல்லை, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஆடுகிறதாம். மூன்றாம் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்.