குரங்கு, ஆதாம், முதுமக்கள் தாழி: நம்ம பக்கத்தில் கேட்ட பேச்சுகள்

பாளையங்கோட்டை, உயிரியல் ஆசிரியை:

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு பாடம் வருகிறது. அதைத் தொடங்கினால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். "அப்போ எங்க ஆச்சியோட ஆச்சி குரங்கா டீச்சர்?" கேட்பது எந்த மதத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். இந்தக் கேள்வியில் மட்டும் மூன்று மதமும் ஒன்று சேர்ந்துவிடும்.

குற்றாலத்துக்குப் போகாத பிள்ளை எங்கள் வகுப்பில் இருக்காது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்பேன். மெயினருவி வழியில் கையிலிருக்கும் பையைப் பிடுங்குகிற நாட்டுக்குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, தூரத்துப் பங்காளி. ஒரே மூதாதையின் வழியில் வந்து, இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பாகம் பிரிந்து போனவர்கள் நாம். சிம்பன்சி நெருங்கிய பங்காளி. அதனோடு பிரிந்தது அறுபது, எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால்தான். பிரிந்த பிறகு அது அதன் வழியில் மாறியது, நாம் நம் வழியில் மாறினோம்.

அடுத்து நெல்லிக்காய்க்கு வருவேன். ஆடும் நாயும் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு அது முடியாது, தின்றுதான் ஆகவேண்டும். அதைத் தயாரிக்க வேண்டிய மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, கெட்டுப்போய் வேலை செய்யாமல் கிடக்கிறது. குரங்குகளுக்கும் சிம்பன்சிக்கும் அதே மரபணு அதே மாதிரி கெட்டுக் கிடக்கிறது. இன்னொன்றும் உண்டு. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. காணாமல் போன ஜோடி எங்கே என்று தேடினால், நம்முடைய இரண்டாம் குரோமோசோமே இரண்டு பழைய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி உண்டானது என்று தெரிகிறது. முனையில் இருக்கவேண்டிய அடையாளம் நடுவில் கிடக்கிறது. இந்த இடத்துக்கு வரும்போது சிரிப்பெல்லாம் அடங்கி, வகுப்பு கவனிக்க ஆரம்பிக்கும். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

ஒரு வருஷம் ஒரு மாணவியின் அப்பா பார்க்க வந்தார். சபையில் ஊழியம் செய்கிறவர், மரியாதையான மனிதர். "என் மக பரீட்சைக்கு எழுதட்டும் டீச்சர், நம்ப வேண்டாம்னு சொல்லிருக்கேன்" என்றார். உட்காரச் சொல்லிக் காரணம் கேட்டேன். "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்னு எழுதியிருக்கு. ஆதாம் இல்லைன்னா பாவம் இல்லை. பாவம் இல்லைன்னா சிலுவை எதுக்கு?" என்று கேட்டார். அவர் கையில் இருந்தது வெறும் பிடிவாதம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கல்லை உருவினால் வீடே சரிந்துவிடும் என்கிற பயம் அது. நான் சொன்னது இவ்வளவுதான்: மனுஷனின் உடம்பு எந்த வழியில் வந்தது என்பது என் பாடம், அதற்குச் சான்று காட்டுவேன், ஒன்றையும் குறைக்க மாட்டேன். சிலுவையைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை பேசமாட்டேன், அது என் வேலையும் இல்லை. அவர் சமாதானமாகிப் போகவில்லை. ஆனால் மகளை அந்தப் பாடத்துக்கு அனுப்பாமல் இருக்கவும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது அவர்மேல் அல்ல. "இதை நீங்களே படிச்சுக்கோங்க, ஒரு ரெண்டு மார்க் கேள்விதான்" என்று பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிற ஆசிரியர்கள் மேல். வம்பு எதற்கு என்ற நினைப்பு. 2023-ல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது எல்லோரும் கொதித்தோம். நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் அப்படியே இருக்கிறது. ஆனால் எத்தனை வகுப்பறையில் முழுசாக நடத்துகிறார்கள்? நடத்தாமல் விட்ட பாடமும் எடுத்த பாடமும் பிள்ளைக்கு ஒன்றுதான்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

சாயர்புரம் பக்கம், உபதேசியார் மகன்:

டீச்சர், நான் ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் ஒரு பழைய இங்கிலீஷ் வேதாகமம் இருந்தது. ஆதியாகமம் முதல் பக்கத்து ஓரத்தில் கி.மு. 4004 என்று அச்சடித்திருக்கும். உலகம் உண்டான வருஷம் அதுதான் என்று சிறு வயதில் மனப்பாடமாகத் தெரியும். அந்த எண் வேதவாக்கியம் இல்லை, அயர்லாந்தைச் சேர்ந்த அஷர் என்ற பேராயர் 17-ஆம் நூற்றாண்டில் வம்ச வரிசைகளைக் கூட்டிப் போட்ட கணக்கு என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊரைச் சுற்றித் தேரி, செம்மணல் மேடு. ஆடிக் காற்று செம்மணலை வாரிக்கொண்டு போன பிறகு நடந்தால், காலடியில் சின்னச் சின்னக் கல்சில்லுகள் தட்டுப்படும். விரல் நகத்தளவு இருக்கும், ஓரம் கூராக இருக்கும். வேட்டைக்கார மனிதர்கள் செதுக்கியவை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் தேரிகளை ஆராய்ந்த தொல்லியல் அறிஞர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-ல் எழுதியபோது, பழைய கடல்மட்டத்தை வைத்து அவற்றுக்கு ஏறக்குறைய 6000 வயது என்று கணித்தார்கள். அதாவது அஷர் கணக்கில் உலகம் பிறந்த கையோடு எங்கள் ஊரில் ஒருவர் உட்கார்ந்து கல் செதுக்கிக்கொண்டிருக்கிறார். சென்னைக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கருவிகளோ 15 லட்சம் ஆண்டுப் பழமை. அங்கே ஓரத்து எண் நிற்கவே இல்லை.

எனக்கு அப்போது பயமாகத்தான் இருந்தது. எங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வேதாகமத்தைத் திறந்து, "சூரியன் எந்த நாள் உண்டாச்சுன்னு வாசி" என்றார். நாலாம் நாள். "அப்போ முதல் மூணு நாளை எந்தச் சூரியனை வச்சு எண்ணினாங்க? நான் புதுசாச் சொல்லல தம்பி. ஆதிச் சபைப் பெரியவர் அகஸ்டின் காலத்திலேயே இந்த நாள்களை யோசிச்சுப் பாத்திருக்காங்க" என்றார். அன்றைக்கு என் விசுவாசம் போகவில்லை, நின்றது.

அதே வருஷம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் பரிணாமம் சாத்தானின் பாடம் என்று மைக்கில் முழங்கினார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. எங்கள் ஐயர் மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு வருத்தம். படித்த போதகர்கள் தனியாக நம்மிடம் சொல்வதை பிரசங்க பீடத்தில் சொல்வதில்லை. எங்கள் கத்தோலிக்க நண்பர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சௌகரியம். 1950-லேயே பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர், மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராயலாம், ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள் என்று எழுதிவிட்டார். 1996-ல் இரண்டாம் ஜான் பால் பரிணாமம் ஒரு கருதுகோளுக்கும் மேலானது என்று சொன்னார்.

இடையன்குடி கால்டுவெல் ஐயரும் கொற்கையில் மண்ணைத் தோண்டித் தாழிகளைப் பார்த்தவர்தானே. ஊழியம் செய்துகொண்டே தோண்டினார்.

ஸ்ரீவைகுண்டம், வங்கி வேலை:

தாழி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆதிச்சநல்லூர் பரம்பு எங்களுக்குக் கூப்பிடு தூரம். சின்ன வயதில் எங்கள் ஆச்சி சொன்ன கதை இது: அந்தக் காலத்து மனுஷர்களுக்குச் சாவே கிடையாது. வயசாக வயசாகச் சுருங்கிக் குழந்தை அளவு ஆகிவிடுவார்கள். விளக்கு வைக்கிற மாடக்குழியில் உட்கார வைப்பார்கள். பார்க்கப் பொறுக்காத நாளில் சோறும் தண்ணியும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்கள். இதுவும் மனிதர் வந்த கதைதான். எந்த மதத்துப் புத்தகத்திலும் இல்லை, எங்கள் திண்ணையில் இருந்தது.

1876-ல் யாகோர் என்ற ஜெர்மன்காரர் தோண்டினார், பிறகு அலெக்ஸாண்டர் ரீ. 2004-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது நூற்றறுபதுக்கும் மேல் தாழிகள் வந்தன. உள்ளே இருந்தவர்கள் சுருங்கியவர்கள் இல்லை. சாதாரண உயரத்து மனிதர்கள், நம்மைப் போன்ற எலும்பு, நம்மைப் போன்ற பல். என் மகன், "மூவாயிரம் வருஷம் ஆகியும் ஏன்ப்பா மாறல?" என்று கேட்டான். நம் இனத்துக்கே மூன்று லட்சம் வயது, அதில் இந்த மூவாயிரம் நேற்று மாதிரி என்று சொன்னேன். சரிதானே டீச்சர்?

எனக்கு நேர்ந்தது வேறு. நவதிருப்பதி சேவிக்கப் போன இடத்தில் ஒரு உபன்யாசம். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்று வரிசையாகச் சொல்லி, டார்வின் 1859-ல் எழுதியதை நம் பெரியவர்கள் எப்போதோ தசாவதாரமாக வைத்துவிட்டார்கள் என்றார். கைதட்டல். நான் பெருமாளைத் தினமும் சேவிக்கிறவன், எனக்கு அது சங்கடமாக இருந்தது. பன்றியும் சிங்கமும் மனிதனுக்கு முன்னோர் இல்லை. இன்றைக்கும் பக்கத்துக் கிளையில் வாழ்கிற விலங்குகள். பரிணாமத்துக்கு இன்ன இடத்தில் போய்ச் சேரவேண்டும் என்ற நோக்கம் கிடையாது. அவதாரமோ நோக்கத்தோடுதான் வருகிறது, அடியாரைக் காக்க வருகிறது. அந்த நோக்கத்தை எடுத்துவிட்டு விலங்கு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டால் பக்தியில் என்ன மிச்சம்?

என் சைவ நண்பர் ஒருவர் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று சிவபுராணத்தைக் காட்டி அதே வாதம் செய்வார். அது ஒரு உயிர் பல பிறவி எடுத்து இளைத்துப்போய் இறைவனிடம் அழுகிற பாட்டு. ஒரு இனம் இன்னொரு இனமாக மாறுவதைச் சொல்ல வந்ததில்லை. இதை ஜி.யு. போப் இங்கிலீஷில் பெயர்த்தார். அவர் இருந்தது சாயர்புரத்தில், அண்ணாச்சி ஊரில்தான்!

மேலப்பாளையம்:

என் மகன் நீட்டுக்குப் படிக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் பரிணாமம் இருக்கிறது, விட்டுவிட்டுப் போக முடியாது. களிமண்ணிலிருந்து ஆதம் நபி படைக்கப்பட்டார்கள் என்று மதரஸாவில் ஓதியவன். ஹஜ்ரத்திடம் கேட்டான். "மத்த உயிரெல்லாம் எப்படி மாறி வந்துச்சுன்னு படி, தடையில்லை. ஆதம் நபி விஷயத்துல மட்டும் ஈமானை விட்டுடாதே" என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் என்னிடம் வந்து, "அந்தக் கெட்டுப்போன மரபணு நமக்கும் இருக்கே வாப்பா" என்றான். என்னிடம் பதில் இல்லை. ஆனால் கேட்கிற பிள்ளையை அடக்க எனக்கு மனசு வரவில்லை.

பாளையங்கோட்டை, உயிரியல் ஆசிரியை:

மேலப்பாளையம் அண்ணன், அடக்காதீர்கள். அவனை என்னிடம் அனுப்புங்கள். மரபணு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஈமான் பற்றிய கேள்வியை ஹஜ்ரத்திடமே கேட்கட்டும். ஒருவருக்குப் பதிலாக மற்றவர் பேசப்போனதுதான் இத்தனை வருஷமும் நடந்த தொல்லை.

ஸ்ரீவைகுண்டம் அண்ணாச்சி, மகனுக்கு நீங்கள் சொன்னது சரி. இந்த வருஷம் பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகளை ஆதிச்சநல்லூர் கூட்டிப்போய், குழியிலேயே வைத்துக் காட்டுகிற தாழிகளைப் பார்க்கவைக்கலாம் என்று இருக்கிறேன். ஆச்சி சொன்ன மாடக்குழிக் கதையையும் நீங்களே வந்து சொல்ல வேண்டும். திரும்பும்போது சாயர்புரம் தேரியில் இறங்கலாம். உபதேசியார் மகன் அந்தச் சில்லுகள் கிடக்கிற இடத்தைக் காட்டினால் நல்லது. யாரும் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது, கிடக்கிற இடத்திலேயே குனிந்து பார்த்தால் போதும். காற்று ஓய்ந்த பிறகு போகலாமா, இல்லை புரட்டாசிக்கு முன்னாலேயே போய்விடலாமா?