புகைபிடிக்கும் பைப்பின் தண்டில் பழுப்பு திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம்?

தாத்தா வால்பாறை எஸ்டேட்டில் இருந்தபோது புகைபிடித்த பைப் ஒன்று என்னிடம் இருக்கிறது. கிண்ணம் பிரையர் மரம், அதில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் வாயில் வைக்கும் தண்டில்தான். கருப்பு எபோனைட் (கந்தகம் சேர்த்து இறுக்கிய கெட்டி ரப்பர்), லேசாக வளைந்தது, பக்கவாட்டில் ஓர் எழுத்து அதிக ஆழமில்லாமல் பதித்திருக்கிறது. பல வருடம் ஜன்னலோரம் வெயிலிலேயே கிடந்ததால் ரப்பரில் உள்ள கந்தகம் மேலே வந்து பச்சையும் பழுப்புமாக மாறிவிட்டது, வாயில் வைத்தால் ஒரே கசப்பு.

உள்துளையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பைப் கிளீனர் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) விட்டுச் சுத்தம் செய்துவிட்டேன், பதினைந்து கிளீனர் கறுப்பாக வந்தபிறகுதான் வெள்ளையாக வந்தது. வெளியே முதலில் பற்பசை, பலனில்லை. அப்புறம் வெந்நீரில் ஊறவைத்தேன், அது முட்டாள்தனம், பழுப்பு கூடியதோடு வளைவும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. போன மாதம் 800, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்த்துக் கார் பாலிஷ் போட்டேன். பளபளவென்று வந்தது. மூன்றே வாரத்தில் மறுபடி மங்கல், இத்தனைக்கும் இப்போது அலமாரியில் இருட்டில்தான் வைத்திருக்கிறேன். எழுத்தைச் சுற்றி மட்டும் தேய்க்கவில்லை, அங்கே பழுப்பு அப்படியே இருக்கிறது. பிளீச் போட்டால் மேற்பரப்பு குழிகுழியாகும் என்பதால் அதைத் தொடவில்லை.

பழைய எபோனைட் மைப்பேனாவும் இதே ரப்பர்தான் என்பதால் பேனா சரிசெய்கிறவர்களையும் சேர்த்தே கேட்கிறேன்: அந்த எழுத்து அழியாமல் அதைச் சுற்றியுள்ள பழுப்பை எப்படி எடுப்பது?