ரத்தம் கொடுக்கப் போய்த் தெரிந்துகொண்டது

ரத்ததானம் செய்த சில நாட்களில் ஃபோன் வந்தது, நேரில் வாருங்கள் என்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பாசிட்டிவ். எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை, களைப்புகூடக் கிடையாது. ஆறு மாதம் கழித்தும் அதே முடிவு. நாள்பட்ட தொற்று என்று உறுதியானது.

முதலில் பார்த்த மருத்துவர், "நீங்க வெறும் கேரியர்தான், பயப்படாதீங்க" என்று, வைரஸைச் சும்மா சுமப்பவன் என்கிற மாதிரி அனுப்பிவிட்டார். அதை நம்பி நான்கு வருடம் ஒரு பரிசோதனையும் செய்யாமல் இருந்தேன். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கல்லீரல் நிபுணரிடம் போனபோது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ஏறியிருந்தது, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, லட்சங்களில் இருந்தது, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரல் இறுக ஆரம்பித்திருந்தது. இத்தனைக்கும் எனக்கு எங்கும் வலியில்லை.

இப்போது தினமும் ஒரு டெனோஃபோவிர், வைரஸை அடக்கும் மாத்திரை. ஒரு வருடத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. சரி, நிறுத்தலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். வைரஸின் மூலப்பிரதி கல்லீரல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுமாம். மாத்திரையைத் திடீரென்று விட்டால் சீறிக்கொண்டு திரும்பிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் உண்டு. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) வராமலேயே புற்றுநோய் வரக்கூடிய நோய் இது.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதித்ததில் அம்மாவுக்கும் பாசிட்டிவ். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகிவிடும். பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. என்னால்தானே உனக்கு என்று அம்மா அழுதார். தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். பார்க்கவே தாங்கவில்லை. சேர்ந்து சாப்பிட்டாலோ கட்டிப்பிடித்தாலோ இது பரவாது. ரேசர், டூத் பிரஷ், ஊசி மட்டும் தனித்தனி. மனைவிக்கு மூன்று டோஸ் தடுப்பூசி போட்டாயிற்று.

—

உங்கள் பதிவைப் படித்தேன். உங்கள் அம்மாவிடம் என் கதையைச் சொல்லுங்கள். கர்ப்ப காலப் பரிசோதனையில்தான் எனக்கும் ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. வைரல் லோடு அதிகம் என்று கடைசி மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள். குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தயார்நிலை எதிர்ப்புசக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். அந்த இரண்டு ஊசிக்காகப் பிரசவத்துக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். தாய்ப்பாலும் கொடுத்தேன், தடையில்லை என்றார்கள். ஒரு வயதில் பரிசோதித்தோம். நெகட்டிவ், எதிர்ப்புசக்தியும் இருக்கிறது.

—

நானும் ஒன்று சொல்கிறேன். என் அப்பாவுக்குக் கீமோ தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையைக் கேட்டு வாங்கினோம். எப்போதோ வந்து போன தொற்றின் அடையாளம் இருந்தது. கீமோவிலும் ஸ்டீராய்டிலும் அது மறுபடி விழித்துக்கொள்ளக்கூடும் என்பதால் முன்கூட்டியே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள்.