மீன் குழம்போட சிவப்பு ஒயின்: நாக்குல இரும்பு வாடை

காரைக்கால்ல இருக்கோம். மூணு வாரமா நானும் வீட்டுக்காரரும் ராத்திரிச் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் வெச்சுப் பார்க்கிறோம். ஒண்ணும் சரியா அமையல.

பாட்டில் நாசிக் கேபர்னே ஷிராஸ் (ரெண்டு கருந்திராட்சை வகை கலந்தது), ஆல்கஹால் 13.5 சதவீதம். தனியாக் குடிச்சா நல்லாத்தான் இருக்கு. நாவல்பழ வாசம், கடைசியில துவர்ப்பு. ஆனா விரால் குழம்புச் சோறு ஒரு வாய் சாப்பிட்டுட்டு மேல ஒரு மடக்கு குடிச்சா, துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி. மிளகாய்க் காரம் வேற தொண்டை வரைக்கும் எரியுது. (மாமியார் 'புளிச்ச பானகம்'னு ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டாங்க.)

இங்க ராத்திரியும் வீட்டுக்குள்ள 32 டிகிரி. 16-18லதான் குடிக்கணும்னு ஃப்ரிட்ஜில ஒரு மணி நேரம் வெச்சு எடுத்தேன். எரிச்சல் குறைஞ்சது, இரும்பு வாடை போகல. மிளகாயைப் பாதியாக்கினேன், குழம்புதான் செத்துப் போச்சு. முன்னாடியே ஜாடியில ஊத்திக் காத்தாட வெச்சும் பார்த்தாச்சு. மட்டன் கோலா உருண்டையோட மட்டும் ஜோராச் சேர்ந்தது. கறிக் கொழுப்பு துவர்ப்பை அடக்கிடுது போல. ஆனா எங்க வீட்ல வாரத்துல நாலு நாள் மீன்தான்.

வெள்ளை ஒயினுக்கு மாறச் சொல்லாதீங்க, அது தெரியும். பினோ நுவா மாதிரி துவர்ப்பு கம்மியான சிவப்பை, புளி கரைச்ச மீன் குழம்போட யாராவது குடிச்சுப் பார்த்திருந்தா சொல்லுங்க: அந்த இரும்பு வாடை வந்துச்சா, இல்லையா?